அப்பாவின் சைக்கிளில் ஹேண்டிலை எவ்வளவு உயர்த்தலாம்?

உங்கள் அப்பாவுக்கு 68 வயது. வேலையில் இருந்த காலம் முழுக்க கறுப்பு ஹெர்குலிஸ் ஓட்டியவர், ஓய்வு பெற்றபின் சில வருஷம் சைக்கிளையே தொடாமல் இருந்துவிட்டு, இப்போது நீங்கள் வாங்கிக் கொடுத்த நேர் ஹேண்டில் கியர் சைக்கிளில் காலையில் சுற்றி வருகிறார். கால் மணி நேரத்தில் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகின்றன, பிடரி வலிக்கிறது. ஹேண்டிலை எத்தனை அங்குலம் உயர்த்தலாம், அதற்கென்று விற்கிற நீட்டிப்புக் குழாயைப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்குலக் கணக்கு கேட்டாலும் உங்களுக்கு உண்மையில் வேண்டியது, அப்பா கையிலும் கழுத்திலும் பாரம் இல்லாமல் ஓட்டுவது எப்படி என்பதுதான். இரண்டுக்கும் பதில் வேறு வேறு. ஹேண்டிலை உயர்த்தியும் கை மரத்துப் போகிறவர்கள் நிறையப் பேர். உயரத்தைத் தொடாமல் இரண்டு இடத்தில் மாற்றியதிலேயே சரியாகிப் போனவர்களும் உண்டு. ஆளுக்கேற்ப சைக்கிளைச் சரிசெய்து கொடுப்பது பல வருஷமாக என் தொழில், வயதானவர்கள்தான் அதிகம் வருகிறார்கள். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். நரம்பு, எலும்பு பற்றிச் சொல்வதை மட்டும் ஒரு மெக்கானிக்கின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நிச்சயமாகத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சைக்கிளில் உட்கார்ந்தவரின் எடை சீட், பெடல், ஹேண்டில் என்று மூன்று இடத்தில் இறங்குகிறது. முன்னால் எவ்வளவு குனிகிறோமோ அவ்வளவு எடை கைக்குப் போகும். இளைஞர்களுக்கு வயிறும் இடுப்பும் அந்த எடையில் ஒரு பங்கைத் தாங்கும், பெடலை அழுத்தி மிதிப்பதால் உடம்பு தானாகவே கொஞ்சம் மேலே தூக்கும். 68 வயதில் மெதுவாக மிதிப்பவருக்கு அந்தத் தூக்கல் கிடையாது, எடை அப்படியே உள்ளங்கையில் போய் உட்காரும். உள்ளங்கையில் சுண்டு விரல் பக்கம் மணிக்கட்டை ஒட்டி ஒரு மேடு இருக்கிறதே, அந்த இடத்தில்தான் சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் போகிற நரம்பு ஓடுகிறது. ஹேண்டில் அங்கே அழுத்தினால் அந்த இரண்டு விரல்தான் மரத்துப் போகும். நீங்கள் விரல்களைப் பெயர் சொல்லி எழுதியது நல்லதாகப் போயிற்று. கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் என்று சொல்லியிருந்தால் அது வேறு நரம்பு, மணிக்கட்டு மேலே மடங்கியபடி இருப்பதை நான் முதலில் பார்த்திருப்பேன்.

பிடரி வலிக்குக் காரணமும் இதே குனிவுதான். உடம்பு முன்னால் சாய, ரோட்டைப் பார்க்கத் தலையைப் பின்னால் நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். இதில் பலரும் கவனிக்காத ஒன்று மூக்குக் கண்ணாடி. குனிந்தபடி நிமிர்ந்து பார்க்கும்போது பார்வை கண்ணாடியின் மேல் விளிம்பில் போய் முட்டும், அதனால் தலையை இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்க்க வேண்டியிருக்கும். தூரத்துக்கும் படிப்புக்கும் சேர்த்த கண்ணாடி போட்டவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன். அப்பா கண்ணாடி போடுகிறவர் என்றால், ஓட்டும்போது பக்கத்திலிருந்து ஒரு வீடியோ எடுத்துப் பாருங்கள், மோவாய் எவ்வளவு தூக்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். ஹேண்டிலைத் தொடுவதற்கு முன்னால் சீட்டைப் பாருங்கள், இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா? ஒரு நீளமான ஸ்கேலையோ மரச்சட்டத்தையோ சீட்டின் மேல் நீளவாக்கில் வைத்துப் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் மனிதர் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பார், வழுக்காமல் இருக்கக் கையால் தள்ளிக்கொண்டே இருப்பார். அது அவருக்கே தெரியாது. கையில் விழும் பாரத்தில் பெரும்பகுதி இதனாலேயே வந்து, சீட்டை மட்டம் செய்ததும் குறைந்துபோன சைக்கிள்கள் எத்தனையோ. சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தி மட்டமாக்கி இறுக்கினால் வேலை முடிந்தது. ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் சீட் உயரம். செருப்பில்லாமல் குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக்கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் சரியான அளவு. சட்டென்று கால் ஊன்ற வேண்டும் என்ற பயம் இருந்தால் அதிலிருந்து ஒன்றிரண்டு செ.மீ. இறக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் முட்டி பேச ஆரம்பித்துவிடும். சீட் தேவைக்கு மேல் உயர்ந்திருந்தால் ஹேண்டில் தாழ்ந்ததாகத் தோன்றும், அவ்வளவுதான் பிரச்சினை என்று சில சமயம் அங்கேயே முடிந்துவிடும்.

ஒன்றை மட்டும் செய்ய வேண்டாம். ஹேண்டில் தூரமாக இருக்கிறது என்று சொன்னால் பல இடங்களில் சீட்டை முன்னால் தள்ளிக் கொடுத்துவிடுவார்கள். தூரம் குறையும், உண்மைதான், ஆனால் இடுப்பு பெடலுக்கு மேலே வந்துவிடுவதால் உடம்பைத் தாங்கப் பின்னால் எடை இருக்காது, கையில் பாரம் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். சீட்டைக் காலுக்கு ஏற்ப வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும், கைக்கு வேண்டியதை ஹேண்டில் பக்கம்தான் செய்ய வேண்டும்.

சரி, ஹேண்டில். இதில் உயரத்தை மட்டும்தான் எல்லாரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் வயதானவர்களுக்கு உயரத்தைவிட எட்டிப் பிடிக்கும் தூரம்தான் பெரிய விஷயம். கைப்பிடி சீட்டைவிட உயரமாக இருந்தும் தூரமாக இருந்தால், முழங்கை விறைத்து நீண்டு, ரோட்டில் வரும் ஒவ்வொரு அதிர்ச்சியும் தோள் வழியாகப் பிடரிக்கு நேராக ஏறும். முழங்கை லேசாக மடங்கியிருந்தால் அதுவே ஒரு ஸ்பிரிங். அப்பாவின் பழைய சைக்கிளை நினைத்துப் பாருங்கள், அதன் கைப்பிடிகள் பின்னால் வளைந்து அவர் பக்கமே வந்து நிற்கும், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும். புதியதில் ஹேண்டில் ஒரு நேர் தடி, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு வெளிப்பக்கம் திரும்ப, கை முன்னால் போய்த் தேட வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய சைக்கிள் இன்னும் வீட்டிலோ ஊரிலோ இருக்கிறதா? துருப்பிடித்துக் கிடந்தாலும் பரவாயில்லை, அதைவிட நல்ல அளவுகோல் உங்களுக்குக் கிடைக்காது. சீட்டின் மூக்கிலிருந்து கைப்பிடியின் நடுப்பகுதிக்கு எவ்வளவு தூரம் என்று ஒரு அளவு. தரையிலிருந்து சீட்டின் மேல்மட்டத்துக்கும், தரையிலிருந்து கைப்பிடிக்கும் அளந்து, இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று இன்னொரு அளவு. இதே இரண்டையும் புது சைக்கிளிலும் எடுங்கள். எத்தனை செ.மீ. மேலே, எத்தனை செ.மீ. பின்னால் கொண்டுவர வேண்டும் என்பது அங்கேயே எழுதி வைத்த மாதிரி தெரிந்துவிடும். பழைய சைக்கிள் இல்லையென்றால், புது சைக்கிளைச் சுவரோரம் நிறுத்தி நீங்கள் பிடித்துக்கொள்ள, அவரை ஏறி உட்காரச் சொல்லி, கண்ணை மூடிக் கையை இயல்பாக முன்னால் நீட்டச் சொல்லுங்கள். கை எங்கே வந்து நிற்கிறதோ அதற்கும் ஹேண்டிலுக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் ஏறக்குறைய அதே கணக்கு வரும். பொதுவாகச் சொன்னால், கைப்பிடி சீட்டைவிட 5 முதல் 8 செ.மீ. வரை உயரத்தில், முழங்கை லேசாக மடங்கும் தூரத்தில் இருந்தால் இந்த வயதுக்காரர்கள் பெரும்பாலோர் சௌகரியம் என்கிறார்கள். இது தொடங்குகிற இடம்தான், சட்டம் இல்லை.

இனி எப்படி உயர்த்துவது என்பது, உங்கள் சைக்கிளின் கழுத்து எந்த வகை என்பதைப் பொறுத்தது. ஹேண்டிலைப் பிடித்திருக்கும் அந்தக் கட்டையைத்தான் ஸ்டெம் என்கிறோம். அதன் மேலே நடுவில் ஒரே ஒரு போல்ட் இருந்து, கீழே ஒல்லியான ஒரு கம்பி போல் ஃபிரேமுக்குள் இறங்கினால் அது பழைய வகை. மேலே வட்டமான ஒரு மூடி, பின்பக்கம் அல்லது பக்கவாட்டில் இரண்டு போல்ட்டுகள் இருந்தால் அது புதிய வகை. இரண்டும் விலை குறைந்த கியர் சைக்கிள்களில் வருகின்றன.

பழைய வகை என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வேலை சுலபம். மேல் போல்ட்டை மூன்று நான்கு சுற்றுத் தளர்த்துங்கள், முழுசாகக் கழற்ற வேண்டாம். போல்ட்டின் தலை கொஞ்சம் மேலே வந்து நிற்கும், ஆனால் ஹேண்டில் அசையாது, ஏனென்றால் உள்ளே ஒரு ஆப்பு இறுகிப் பிடித்திருக்கிறது. போல்ட்டின் தலைமேல் ஒரு மரத்துண்டை வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு, ஆப்பு கீழே விழுந்து ஸ்டெம் விடுபடும். இப்போது இடமும் வலமும் திருகியபடியே மேலே இழுக்கலாம். ஸ்டெம் கம்பியில் ஒரு கோடு அல்லது வரிசையாகக் கீறல்கள் பொறித்திருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியவே கூடாது, தெரிந்தால் உள்ளே போதுமான அளவு கம்பி இல்லை என்று அர்த்தம், குழியில் இறங்கும்போது ஸ்டெம் பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம். கோடே இல்லாத ஸ்டெம் என்றால் குறைந்தது 6.5 செ.மீ. உள்ளே இருக்கட்டும். திரும்ப வைக்கும்போது கம்பியைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். கடலோர ஊர்களில் இதைச் செய்யாமல் விட்ட ஸ்டெம் உள்ளேயே துருவேறி ஒட்டிக்கொண்டு, பிறகு எடுப்பதற்குள் படாத பாடு படுத்தும். இப்படி உயர்த்துவதில் 3 செ.மீ. வரை கிடைக்கலாம். அதற்கு மேல் வேண்டுமென்றால் இதே தடிமனில் நீளம் அதிகமான ஸ்டெம் கிடைக்கிறது. பெரும்பாலும் 22.2 மி.மீ., ஆனால் வேறு அளவும் உண்டு, பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போய் வாங்குவதுதான் நல்லது.

முன்சக்கரத்தை இரு பக்கமும் பிடித்திருக்கும் கவைக்குத்தான் ஃபோர்க் என்று பெயர். புதிய வகையில் ஸ்டெம், ஃபோர்க்கிலிருந்து மேலே வரும் குழாயை வெளிப்புறமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் குழாய் எந்த உயரத்தில் வெட்டப்பட்டதோ அதுதான் எல்லை, அதற்கு மேல் வெறுமனே இழுத்து உயர்த்த முடியாது. ஸ்டெம்முக்கு மேலே வளையங்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைக் கீழே மாற்றி, ஸ்டெம்மை மேலே கொண்டுவரலாம். ஸ்டெம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். 90 மி.மீ. நீளமும் 6 டிகிரி சாய்வும் உள்ள சாதாரண ஸ்டெம்மைத் திருப்பினாலே கிட்டத்தட்ட 2 செ.மீ. உயரம் கிடைக்கும். இன்னொன்று, ஃபோர்க் குழாய் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் அதன் வழியே 3 செ.மீ. உயர்த்தினால் ஹேண்டில் கூடவே 1 செ.மீ. பின்னாலும் வரும், கூடுதல் லாபம். இறுக்கும் வரிசை மட்டும் முக்கியம். மேல் மூடியில் இருக்கும் போல்ட் ஹேண்டிலைப் பிடித்து வைப்பதற்கு இல்லை, உள்ளே இருக்கும் பேரிங்கின் ஆட்டத்தை எடுப்பதற்கு. அதை முதலில் லேசாக, ஆட்டம் போகும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும், ஹேண்டில் தங்குதடையில்லாமல் திரும்ப வேண்டும். பிறகு பக்கத்துப் போல்ட்டுகளை மாறி மாறி, பெரும்பாலும் ஸ்டெம்மிலேயே எழுதியிருக்கும் 5 அல்லது 6 நியூட்டன் மீட்டர் (Nm, எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவு) வரை இறுக்க வேண்டும். அதை அளந்து இறுக்கும் கருவி இல்லாமல் பலமுள்ளவர்கள் கைவேகத்தில் இறுக்கி மரை போன ஸ்டெம்கள் கடைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன.

நீங்கள் கேட்ட நீட்டிப்புக் குழாய் இந்தப் புதிய வகைக்கானது. சைக்கிளின் ஃபோர்க் குழாய் இரும்பு அல்லது அலுமினியம் என்றால் போடலாம், 7, 8 செ.மீ. வரை உயரும். ஃபோர்க் குழாய் கார்பன் ஃபைபர் என்றால் கண்டிப்பாக வேண்டாம். விலை குறைந்த கியர் சைக்கிள்களில் கார்பனாக இருக்காது, அந்தக் கவலை விடுங்கள். ஆனால் நான் இதை முதலில் எடுக்கச் சொல்ல மாட்டேன். உயரத்தைக் கொடுக்கும், தூரத்தை அவ்வளவாகக் குறைக்காது. உயரமான இடத்திலிருந்து இழுப்பதால் கீழே இருக்கும் பிடிப்பில் விசை கூடும், மாதம் ஒருமுறை போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்க ஆள் வேண்டும்.

அதைவிடக் கோணம் மாற்றும் ஸ்டெம் ஒன்று இருக்கிறது. நடுவில் மூட்டுடன் வரும், 60 டிகிரி வரை மேலே திருப்பலாம். திருப்பத் திருப்ப ஹேண்டில் மேலேயும் வரும், பின்னாலும் வரும், அப்பாவுக்கு வேண்டியது இரண்டும்தான். மூட்டின் பற்கள் சரியாகப் பொருந்தாமல் இறுக்கினால் சத்தம் போடும், நாளாக நாளாகத் தளரும். அதனால் இதை நிரந்தரமாக வைக்க எனக்கு அவ்வளவு விருப்பமில்லை, ஆனால் அளவு கண்டுபிடிக்க இதைவிட நல்ல கருவி இல்லை. இரண்டு வாரம் ஓட்டட்டும், நடுவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணத்தை மாற்றிப் பாருங்கள். எங்கே சௌகரியம் என்று தெரிந்தபின் அதே உயரமும் நீளமும் வருகிற அசையாத ஸ்டெம்மை வாங்கிப் போட்டுவிடலாம்.

உங்கள் அப்பா விஷயத்தில் நான் பந்தயம் கட்டுவது ஹேண்டிலையே மாற்றுவதில்தான். பின்னால் வளைந்த ஹேண்டில், லேடீஸ் சைக்கிள்களிலும் சிட்டி சைக்கிள்களிலும் வருகிற மாதிரியானது. நேர் ஹேண்டிலின் வளைவு 10 டிகிரிகூட இருக்காது. 30, 40 டிகிரி வளைந்த ஹேண்டில் போட்டால் கைப்பிடி பல செ.மீ. பின்னால் வந்துவிடும், மணிக்கட்டு இயல்பாக நிற்கும், சுண்டு விரல் பக்கத்து மேட்டில் அழுத்தம் குறையும், எல்லாம் ஒரே மாற்றத்தில். வாங்கும்போது ஸ்டெம் பிடிக்கும் நடுப்பகுதியின் தடிமனைப் பாருங்கள், 25.4 மி.மீ., 31.8 மி.மீ. என்று இரண்டு அளவு பரவலாக இருக்கிறது. பெரிய ஸ்டெம்மில் சின்ன ஹேண்டிலை அதற்கென்று உள்ள சரியான வளையம் வைத்துப் போடலாம், தகரத்தைச் சுற்றி இறுக்குவது கூடாது. பழைய ஹெர்குலிஸ் ஹேண்டிலையே எடுத்துப் போடலாமா என்று தோன்றியிருக்கும். அதில் ஸ்டெம்மும் ஹேண்டிலும் ஒன்றாகவே இருக்கும், பிரேக்கும் ஒயருக்குப் பதில் கம்பியால் இழுக்கும் ராடு பிரேக், புதியதில் பொருந்தாது.

எந்த வழியில் போனாலும் பிரேக் ஒயரை மறக்காதீர்கள், இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. ஹேண்டில் 4, 5 செ.மீ. உயர்ந்தாலே ஒயர் இழுபட ஆரம்பிக்கும். நிறுத்தி வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஹேண்டிலை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். திருப்பும்போது ஒயரின் உறை விறைக்கிறதா, பிரேக் கட்டை தானாக நகர்ந்து ரிம்மைத் தொடுகிறதா, பிரேக் லீவர் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஏதாவது ஒன்று நடந்தாலும் உள் ஒயர், வெளி உறை இரண்டையும் நீளமாக மாற்றியே தீர வேண்டும். பெரிய செலவில்லை. கியர் ஒயருக்கும் இதேதான். ஆயில் டிஸ்க் பிரேக் என்றால் குழாயை மாற்றிக் காற்று எடுக்க வேண்டும், அதைக் கடையில் விடுங்கள். மாற்றும்போது எந்தக் கைக்கு எந்த பிரேக் என்பதை மாற்றிவிடக் கூடாது. நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலது கை முன் பிரேக். அப்பாவின் கைக்குப் பழக்கப்பட்டது எது என்று கேட்டு அப்படியே வையுங்கள், அவசரத்தில் கை யோசிக்காது.

லீவரின் கோணமும் முக்கியம். கைப்பிடியில் கை வைத்து விரலை லீவரில் நீட்டினால் முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். ஹேண்டில் உயர்ந்தபின் பழைய கோணம் சரியாக இருக்காது, லீவரைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தித் திருப்பிக்கொள்ளலாம். பல லீவர்களில் கைப்பிடிப் பக்கமாக ஒரு குட்டித் திருகு இருக்கும், அதை உள்ளே திருகினால் லீவர் விரலுக்குக் கிட்டே வரும். விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கு இந்த ஒரு திருகு பெரிய உபகாரம். கைப்பிடி ரப்பர்களில் பின்பக்கம் அகலமாக, உள்ளங்கை படிந்து உட்காரும் மாதிரி ஒன்று வருகிறது, அது சுண்டு விரல் மரப்புக்கு நல்ல துணை. ஜெல் வைத்த கையுறை சிலருக்கு உதவுகிறது, சிலருக்குத் தடிமனான ஜெல்லே அழுத்தமாகிவிடுகிறது. கடைசியாக முயற்சி செய்யுங்கள், முதலில் அல்ல.

ஹேண்டில் உயர்ந்தால் வேறு சிலதும் மாறும், முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். கையிலிருந்து எடுத்த எடை காற்றில் மறைவதில்லை, சீட்டுக்குப் போகிறது. ஒல்லியான சீட் அதுவரை உறுத்தாமல் இருந்திருக்கும், இனி உறுத்தும். நிமிர்ந்து உட்காருகிறவருக்கு அகலமான சீட் வேண்டும், பழைய சைக்கிளின் தோல் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்பிரிங் இருந்தது சும்மா இல்லை. முதுகு நேராக இருந்தால் குழியின் குத்து நேராக முதுகெலும்பில் ஏறும். அதனால் முழு நிமிர்வு வேண்டாம், சற்றே முன்சாய்வு இருக்கட்டும். டயர் காற்றையும் கல்லாக அடிக்க வேண்டாம். டயரின் பக்கவாட்டில் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று பி.எஸ்.ஐ. அளவு எழுதியிருக்கும், அப்பா ஒல்லியான ஆள் என்றால் குறைந்த அளவை ஒட்டியே வைக்கலாம். அதிர்வைக் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. விலை குறைந்த சைக்கிள்களில் முன்னால் வருகிற ஸ்பிரிங் ஃபோர்க்கை நம்பி இருக்காதீர்கள், அது பெரும்பாலும் வெறும் எடைதான்.

முன்சக்கரத்தில் எடை குறைவதால் ஹேண்டில் லேசாகத் தோன்றும், மேம்பாலம் ஏறும்போது முன்சக்கரம் கொஞ்சம் அலையும். வளைந்த ஹேண்டில் குறுகிய திருப்பத்தில் முட்டியில் இடிக்கலாம். அதனால் மாற்றிய அன்றே ரோட்டுக்கு அனுப்பாமல், மைதானத்திலோ காலியான தெருவிலோ எட்டு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் இருக்கிறதா, முன்சக்கரத்தை உங்கள் முட்டிகளுக்கு நடுவே இறுக்கி ஹேண்டிலைத் திருகினால் நழுவுகிறதா, இந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் அவர் ஏற வேண்டும்.

ஒரு எல்லையையும் சொல்லிவிட வேண்டும். ஹெர்குலிஸ் மாதிரியான கறுப்பு சைக்கிள்கள் ஒரு முழு அமைப்பு. 28 அங்குலச் சக்கரம், 67, 68 டிகிரிக்குப் படுத்த மாதிரிச் சாய்ந்த முன்கழுத்து, நீளமான பின்பகுதி, எல்லாம் சேர்ந்துதான் நிமிர்ந்து உட்கார்ந்தாலும் ஆடாமல் போகும். கியர் சைக்கிளின் ஃபிரேம் முன்னால் சாய்ந்து ஓட்டுகிறவருக்காகச் செய்தது. அதில் 5, 6 செ.மீ. உயர்த்தி, அதே அளவு பின்னால் கொண்டுவருவது வரை நன்றாகவே வேலை செய்யும். அளந்து பார்த்து 10, 12 செ.மீ. தேவைப்படுகிறது என்றால் பாகங்களில் பணம் போடாதீர்கள், அதை விற்றுவிட்டு நடுக்கம்பி தாழ்ந்த சிட்டி சைக்கிள் வாங்குங்கள். காலைத் தூக்கிச் சீட்டுக்குப் பின்னால் வீசி ஏறுகிற பழக்கம் இடுப்பு இறுகிய வயதில் ஆபத்து. ஓட்டும்போது விழுந்தவர்களைவிட ஏறும்போதும் இறங்கும்போதும் விழுந்தவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்பா "லேடீஸ் சைக்கிளா?" என்று முகம் சுளிக்கலாம், அதற்குப் பொறுமையாகப் பேசத்தான் வேண்டும்.

இனி சந்தேகமான பக்கம். மரத்துப் போவது சைக்கிளால்தான் என்று எப்படித் தெரியும்? இறங்கிக் கையை உதறினால் சில நிமிஷத்தில் சரியாகிறது, ஓட்டாத நாட்களில் வருவதில்லை என்றால் பெரும்பாலும் சைக்கிள்தான். ராத்திரித் தூக்கத்திலும் மரத்துப் போகிறது, கழுத்தைத் திருப்பினால் கைக்கு மின்சாரம் மாதிரி இறங்குகிறது என்றால் கழுத்து எலும்புத் தேய்மானம் நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். சர்க்கரை நோய் இருந்தால் நரம்புகள் ஏற்கெனவே பலவீனமாக இருக்கும், மற்றவருக்கு ஒன்றும் செய்யாத அழுத்தம் அவருக்கு மரத்துப் போகச் செய்யும். டம்ளர் கையிலிருந்து நழுவுவது, சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது இவற்றில் ஏதாவது இருந்தால் ஹேண்டிலோடு விளையாடிக்கொண்டு நாளைக் கடத்தாமல் நரம்பியல் அல்லது எலும்பு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். இடது கை வலியோடு நெஞ்சில் பாரமோ மூச்சு வாங்குவதோ சேர்ந்தால் அது அவசரம், அதற்கும் சைக்கிள் அளவுக்கும் சம்பந்தமில்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் சீட்டை மட்டம் செய்து, உயரம் சரிபார்த்து, லீவர் கோணத்தை மாற்றி, காற்றைக் குறைத்து ஒரு வாரம் ஓட்டவிடுவேன். ஒன்றும் வாங்காமல் செய்கிற வேலை இவ்வளவும். குறையவில்லையென்றால் அடுத்தது ஸ்டெம்மைத் திருப்புவது அல்லது உயர்த்துவது, அதற்கடுத்து வளைந்த ஹேண்டில். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும். இடையில் அவரிடம் "வலி குறைஞ்சுதாப்பா?" என்று மட்டும் கேட்காதீர்கள், மகன் செலவு செய்தானே என்று "ஆமாம்" என்றுதான் சொல்வார். எத்தனை நிமிஷத்தில் விரல் மரத்தது என்று கேளுங்கள். நான் சொன்ன இரண்டு அளவுகளையும், ஸ்டெம் பகுதியைப் பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எடுத்த படத்தையும் இங்கே போட்டீர்கள் என்றால் எந்த நீளத்தில் என்ன ஸ்டெம் வாங்கலாம் என்று சொல்கிறேன்.